குவிலென்சின் பாதியை மறைத்தால் பிம்பமும் பாதியாகுமா?

ஆகாது, முழுப் பிம்பமும் தெரியும், வெளிச்சம்தான் குறையும். பாடநூல் படங்களில் பொருளின் உச்சியிலிருந்து இரண்டு கதிர்களை மட்டும் வரைந்து காட்டுவதால்தான் இந்த ஐயம் எழுகிறது என்று நினைக்கிறேன். உண்மையில், பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எண்ணற்ற கதிர்கள் லென்சின் பரப்பு முழுவதிலும் விழுகின்றன. நடுவில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் இருக்கும் அந்தக் கண்ணாடி அவற்றை உள்நோக்கி வளைத்து, மறுபுறத்தில் ஏறத்தாழ ஒரே புள்ளியில் சேர்க்கிறது. மேற்பாதியை மறைத்தாலும், கீழ்ப்பாதி வழியே வரும் கதிர்கள் அதே புள்ளிக்கே வந்துசேரும்.

குவியத் தூரம் (இணையாக வரும் கதிர்களை லென்சு ஒரு புள்ளியில் குவிக்கும் தொலைவு) 10 செ.மீ. உள்ள லென்சிலிருந்து 15 செ.மீ. தொலைவில் மெழுகுவத்தியை ஏற்றிவைத்தால், மறுபுறம் 30 செ.மீ. தொலைவிலுள்ள திரையில் சுடர் இருமடங்கு உயரத்தில் தலைகீழாக விழும். சுடரின் உச்சியிலிருந்து லென்சின் மையம் வழியே செல்லும் கதிர் திசைமாறாமல் அச்சுக்கு (லென்சின் மையம் வழியே அதற்குச் செங்குத்தாகச் செல்லும் கோட்டுக்கு) கீழே இறங்குவதே தலைகீழாவதற்குக் காரணம். மெழுகுவத்தியையும் திரையையும் லென்சின் இருபுறமும் தலா 20 செ.மீ. தொலைவில் வைத்தால் பிம்பமும் பொருளும் ஒரே அளவாகும். பொருளை இன்னும் விலக்கினால் பிம்பம் சிறுக்கும். குவியத் தூரத்துக்குள், எடுத்துக்காட்டாக 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தால், லென்சைக் கடந்த பின்னும் கதிர்கள் விரிந்தே செல்வதால் திரையில் பிம்பம் விழாது. லென்சின் வழியே பார்க்கும் கண்ணுக்கு மட்டும் நிமிர்ந்த, இருமடங்கு பெரிதான மாயபிம்பம் தெரியும். பூதக்கண்ணாடி வேலை செய்வது இப்படித்தான்.