எல்இடி தெருவிளக்கு: மாதக் கட்டணம் எப்படிப் போடுகிறார்கள்?

எங்கள் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு மீட்டரே இல்லை. ஆனாலும் மாதாமாதம் ஒரே தொகைக்கு பில் வருகிறது. எந்தக் கணக்கில்?

ஒவ்வொரு கம்பத்திலும் மீட்டர் வைத்து ஆள் போய்க் குறித்துவந்தால், அந்தச் செலவே விளக்கு எடுக்கும் மின்சாரத்தின் விலையைத் தாண்டிவிடும். தெருவிளக்கு எரியும் நேரமோ முன்கூட்டியே தெரிந்த ஒன்று. பொழுது சாய்ந்ததும் எரிந்து, விடிந்ததும் அணைகிற விளக்குக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 முதல் 4,200 மணி நேரம் என்று கட்டண விதியிலேயே எழுதிவைத்துவிடுவார்கள். வாட்டை அந்த மணிக்கணக்கால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் ஆண்டுக்கான யூனிட். 60 வாட் விளக்கு 4,100 மணி நேரம் எரிந்தால் 246 யூனிட், அதாவது மாதம் 20.5.

இங்கே வாட் என்பது டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் கருவி) எடுப்பதையும் சேர்த்து, ஃபிட்டிங், அதாவது கூட்டோடு சேர்ந்த முழு விளக்கு, மொத்தமாக இழுக்கும் வாட். பழைய 150 வாட் சோடியம் விளக்குக்கும் அப்படித்தான்: சோக்கையும் சேர்த்தால் 170 வாட்டுக்கு மேல் போகும், மாதம் சுமார் 58 யூனிட் ஆகும்.

சோடியத்தை எடுத்துவிட்டு எல்இடி போட்டோம். யூனிட் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பில் ஏன் அந்த அளவுக்குக் குறையவில்லை?

பில்லில் மின்சாரம் ஒரு பகுதிதான். மின் நிறுவனமே ஃபிட்டிங்கை வாங்கி மாட்டியிருந்தால், பெரிய பகுதி அந்த முதலீட்டுக்குப் போகிறது. ஃபிட்டிங், அதைத் தாங்கும் பிராக்கெட், வயர், மாட்டும் கூலி எல்லாம் சேர்ந்த செலவில் தேய்மானம், முதலுக்கான வட்டியும் ஆதாயமும், வரி, காப்பீடு என்று ஆண்டுக்கு ஒரு விழுக்காடு போடுவார்கள். அது 12 என்று வைத்துக்கொண்டால், மாதந்தோறும் பொருத்திய செலவில் 1 விழுக்காடு பில்லில் ஏறும். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் இந்தத் தொகை மாறாது.

இதில் நீங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி, ஃபிட்டிங்கின் ஆயுளை எத்தனை ஆண்டு என்று எடுத்தார்கள் என்பது. 20 ஆண்டு என்றால் தேய்மானம் ஆண்டுக்கு 5 விழுக்காடு. 10 ஆண்டு என்றால் 10. அதே விளக்குக்குத் தேய்மானம் இரட்டிப்பாகிறது! நல்ல எல்இடி ஃபிட்டிங்குகளுக்கு 1,00,000 மணி நேரம் வரை ஆயுள் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 4,100 மணி என்றால் 24 ஆண்டு. ஆனால் அது வெளிச்சம் 70 விழுக்காடாகக் குறைய எடுக்கும் காலம். டிரைவர் பெரும்பாலும் அதற்கு முன்பே போய்விடும், இடி மின்னலில் சர்ஜ், அதாவது திடீர் மின்னழுத்த ஏற்றம், தாக்கினால் இன்னும் சீக்கிரம். ஆகவே 15 முதல் 20 ஆண்டு என்பது நியாயமான கணக்கு. 10 என்று போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

அடுத்தது பராமரிப்பு. சோடியம் பல்பு 24,000 மணி நேரம், அதாவது ஆறு ஆண்டுக்குள் மாற்ற வேண்டியது. எல்இடியில் அந்த வேலையே இல்லை. எப்போதாவது டிரைவர், அல்லது இருட்டினால் விளக்கை எரியவைத்து விடிந்தால் அணைக்கும் போட்டோசெல். சோடியத்துக்கு வைத்த பராமரிப்புத் தொகையை அப்படியே எல்இடிக்கும் தூக்கிப்போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பில் குறையாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கம்பமும் ஃபிட்டிங்கும் உங்களுடையவை என்றால் முதலீட்டுப் பகுதி பில்லில் வரவே கூடாது. மின்சாரமும் விநியோகச் செலவும் மட்டும்தான். பராமரிப்பையும் நிறுவனத்திடமே விட்டிருந்தால் அது கூடுதலாக வரும்.

கட்டண அட்டவணையில் வாட்டுக்கு வாட் விலை இல்லாமல் 50–60, 60–70 என்று படிகளாக இருக்கிறதே?

எல்இடி மாடல்கள் எண்ணற்றவை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுத முடியாது. படியின் நடு அளவை வைத்துக் கணக்குப் போடுவார்கள். 51 வாட் விளக்கும் 55 வாட்டுக்குக் கட்டும், 59ம் அதையேதான் கட்டும். 51 வாட்டில் ஒரு விளக்குக்கு ஆண்டுக்கு 16.4 யூனிட் வீண். 500 விளக்கு இருந்தால் 8,200. இப்போது பல டிரைவர்களில் வெளியீட்டைக் கூட்டிக் குறைக்க முடியும். வெளிச்ச அளவு இடம் கொடுத்தால் 51ஐ 49ஆக இறக்கி கீழ்ப்படிக்குக் கொண்டுவரலாம். இறக்கிய பின் ஃபிட்டிங்கின் லேபிளையும் மாற்றி, எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய படியே தொடரும்.

நள்ளிரவுக்குமேல் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் பில் குறையுமா?

தானாகக் குறையாது. இரவு 11 முதல் காலை 5 வரை பாதி என்றால், முழு வெளிச்சத்துக்கு ஈடாகப் பார்த்தால் மணிக்கணக்கு 4,100லிருந்து சுமார் 3,000க்கு இறங்குகிறது. ஆனால் கட்டண விதியில் 4,100 என்றே நிலையாக எழுதியிருந்தால் மிச்சம் உங்களுக்கு வராது. கட்டண விதியில் டிம்மிங் அட்டவணைக்கென்று தனிப் பிரிவு இருக்க வேண்டும், அல்லது ஃபிட்டிங்கின் மேல் மாட்டும் கட்டுப்பாட்டுக் கருவி அளந்து சொல்லும் யூனிட்டை நிறுவனம் ஏற்க வேண்டும். கருவி வாங்குமுன் இதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். குறைவது மின்சாரப் பகுதி மட்டுமே, அதிலும் சரிபாதி அல்ல. டிரைவருக்குள் ஆகும் இழப்பு அதே விகிதத்தில் இறங்குவதில்லை.

மாற்றும்போது பழைய ஃபிட்டிங்குக்கும் பணம் கேட்கிறார்கள். சரியா?

அது நிறுவனத்தின் சொத்தாக இருந்து, கணக்கில் மதிப்பு இன்னும் மீதியிருந்தால் கேட்பது உண்டு: மீதி மதிப்பு, கழற்றும் செலவு இரண்டையும் கூட்டி, பழையபொருள் விலையைக் கழித்த தொகை. மாட்டிய ஆண்டுவாரியாகப் பட்டியல் கேளுங்கள். பழையவற்றை முதலில் மாற்றினால் இந்தத் தொகை மிகவும் குறையும்.

பில் சரியா என்று நாங்களே பார்க்க வழி உண்டா?

உண்டு. கம்ப எண், லேபிளில் உள்ள வாட், சொத்து யாருடையது, மாற்றிய தேதி ஆகிய நான்கையும் நடந்துபோய்க் குறித்து, பில்லின் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அதிகம் அகப்படும் பிழைகள்: எல்இடி மாட்டிய பிறகும் பில்லில் சோடியம் வாட்டே இருப்பது, எடுத்துவிட்ட கம்பத்துக்கும் பணம் போய்க்கொண்டிருப்பது. மாற்றிய தேதிக்கு ஆதாரம் கையில் இருந்தால்தான் பழைய மாதங்களுக்கும் திருத்தம் கேட்க முடியும்.

பகலிலும் எரியும் விளக்குகளைத் தனியாகக் குறியுங்கள். போட்டோசெல் பழுதானால் விளக்கு எரிந்தபடியே நிற்குமாறுதான் பொதுவாக அமைத்திருப்பார்கள், தெரு இருட்டாகக் கூடாது என்பதற்காக. மீட்டர் இல்லாததால் உங்கள் பில் ஏறாது; ஆனால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஓடும் டிரைவர் பாதிக் காலத்திலேயே தேய்ந்துவிடும். கம்ப எண்ணோடு அன்றே புகார் கொடுங்கள்.