பல்லில் ஒட்டிக்கொண்ட சிவப்பு

கேள்வி: முன்பல் சொத்தைக்குப் போனேன். டாக்டர் குழியில் சிவப்பாக ஏதோ வைத்துக் கழுவினார், சுரண்டினார், மறுபடியும் வைத்தார். அடைத்து ஒரு வாரமாகியும் அந்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. சொத்தையை மிச்சம் வைத்துவிட்டாரா? - வாசகி, ஈரோடு

பதில்: சாயம் தெரிவதாலேயே சொத்தை மிச்சம் என்று அர்த்தமில்லை. சொத்தையில் இளகிப்போன பகுதி சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தத் திரவம். சுமார் 10 விநாடி வைத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சிவந்து மெத்தென்று இருப்பதைச் சின்னக் கரண்டி போன்ற கருவியால் வழித்தெடுப்பார்கள். ஆனால் எனாமலுக்குக் கீழே உள்ள எல்லையிலும், நரம்புக்குப் பக்கத்திலும் நல்ல பல்லே லேசாகச் சிவக்கும். சிவப்பு போகும்வரை தோண்டுவேன் என்று இறங்கினால் நரம்பில்தான் போய் நிற்க வேண்டும், அதனால் கருவியால் தட்டிப் பார்த்து, கெட்டியாக இருந்தால் விட்டுவிடுவதே சரி.

அடைப்பதற்கு முன் பாஸ்பாரிக் அமில ஜெல்லைச் சுமார் 15 விநாடி வைத்து நன்றாகக் கழுவினால் மிச்சச் சாயம் பெரும்பாலும் வந்துவிடும். கடைவாய்ப் பல்லில் கொஞ்சம் தங்கினாலும் யார் பார்க்கப் போகிறார்கள்? முன்பல்லில் பல் நிறச் சிமெண்ட் ஒளியை ஊடுருவ விடும், உள்ளே இருப்பது வெளியே தெரியும்.

எலுமிச்சை, சோடா உப்பு என்று வீட்டில் தேய்க்காதீர்கள், உள்ளே அடைபட்டது வெளியே தேய்த்தால் வராது, எனாமல்தான் போகும். அதே டாக்டரிடம் காட்டுங்கள். மேலாக இருந்தால் பாலிஷ் போதும், ஆழமென்றால் அடைத்ததைக் கொஞ்சம் எடுத்துவிட்டு மறுபடி அடைப்பார். கூச்சமோ வலியோ இருந்தால் எக்ஸ்ரேயும் கேளுங்கள்.