குளவியின் வாசல்

அன்புள்ள ஐயா,

போன வாரம் காட்டுவழியில் நடந்தபோது, ஒல்லி இடுப்புக் குளவி ஒன்று மணலில் துளை தோண்டுவதைப் பார்த்தேன். அது பறந்துபோன நேரத்தில், படம் சுத்தமாக வரட்டும் என்று சுற்றிக் கிடந்த சருகுகளையும் கற்களையும் அப்புறப்படுத்தினேன். திரும்பி வந்த குளவி அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடியதே தவிர, துளைக்குள் போகவில்லை. என்னைக் கண்டு பயந்துவிட்டதா? எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

பயந்திருந்தால் பறந்துபோயிருக்கும். அது வாசல் தெரியாமல் தவித்திருக்கிறது. நீங்கள் எடுத்துப் போட்டவைதான் அதற்கு அடையாளம்.

1930களில் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நீக்கோ டின்பெர்கன் இதைச் சோதித்துக் காட்டினார். அவர் சோதித்தது, தேனீக்களை வேட்டையாடி மண்ணுக்குள் சேர்த்துவைக்கும் வேறொரு குளவி. அதன் துளையைச் சுற்றிப் பைன் மரத்துக் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவிக்கு அது பழகியதும், வெளியே போயிருந்த சமயம் பார்த்து வட்டத்தை அப்படியே சற்றுத் தள்ளி வைத்தார். வந்த குளவி வட்டத்தின் நடுவே, வெறும் தரையில் இறங்கித் தேடியது. துளை பக்கத்திலேயே இருந்தது. காய்களைப் பழைய இடத்தில் வைத்த பிறகுதான் அதற்கு வீடு கிடைத்தது.

புதிதாகத் துளை தோண்டிய குளவி கிளம்புவதைக் கவனியுங்கள். கூட்டைப் பார்த்த முகமாகவே இடமும் வலமும் வளைந்து வளைந்து, கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் பறக்கும். இடத்தை மனப்பாடம் செய்கிறது. குளவியைப் பார்க்கப் போவதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சில நொடிகள்தான். படம் தெளிவாக விழாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அதனால் சருகு குறுக்கே வந்தால் வரட்டும், நீங்கள் இடம் மாறுங்கள். கல்லைக்கூடத் தொட வேண்டாம். இந்த வகைக் குளவிகளில் சில, துளையை மூடியபின் சிறு கல்லைத் தாடையில் கவ்வி, மண்ணைத் தட்டி இறுக்கும். தெரியாமல் எதையாவது நகர்த்திவிட்டால் அதே இடத்தில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

சரி, தூரம். இது தனியாக வாழும் குளவி. நிழல் விழாமல், அசையாமல் உட்கார்ந்தால் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் கிட்டத்திலேயே எடுக்கலாம். கூட்டமாக வாழும் காகிதக் குளவிகளிடம் அப்படி இருக்கக் கூடாது. கூட்டின் மேல் உங்கள் மூச்சுக்காற்று படக் கூடாது. இறக்கையைத் தூக்கி உங்கள் பக்கம் திரும்பினால், அப்போதே மெல்லப் பின்வாங்குங்கள். கதண்டு என்கிற பெரிய குளவியின் கூட்டை நெருங்கவே வேண்டாம்.

அப்புறம் ஒரு கேள்வி. தேடும்போது அதனிடம் புழு ஏதும் இருந்ததா? முட்டையிடுவதற்காகக் கொட்டி, அசைவற்றுப் போகச் செய்த புழுவைத்தான் அது துளைக்குத் தூக்கி வரும். வழி தவறினால் பெரும்பாலும் அதை ஓரமாகக் கிடத்திவிட்டுத் தேடும், அதற்குள் எறும்பு மொய்த்துவிடலாம். உங்கள் படங்களின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.