தும்பு போட்டுத் தேய்த்தால் போகுமா இந்தக் கோழித்தோல்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு 14 வயது. மேற்கையின் வெளிப்பக்கமும் தொடையும் குறுணி ஒட்டியதுபோலச் சொரசொரவென்று இருக்கிறதாம். கடியும் இல்லை, நோவும் இல்லை, ஆனால் பள்ளிச் சட்டையின் கை குட்டை என்பதால் பிள்ளைக்குக் கூச்சம். மாமியார் சூட்டுக் குரு என்று சொல்லித் தும்பு போட்டுத் தேய்த்து, தேசிக்காய்ப் புளியும் பூசி, இப்போது சிவந்தும் போய்விட்டது. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் அந்தத் தும்பை எறியுங்கள். தேசிக்காயும் வேண்டாம், புளி பட்ட தோலில் வெயில் பட்டால் கருந்திட்டு விழும், அது குருவை விட மோசம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது கோழித்தோல், அதாவது கெரட்டோசிஸ் பிலாரிஸ் போலத்தான் இருக்கிறது. சூடும் இல்லை, ஊத்தையும் இல்லை, தொற்றவும் தொற்றாது. தோலில் இயல்பாக இருக்கும் கெரட்டின் என்ற புரதம் மயிர்த்துவாரத்தில் சேர்ந்து தக்கை மாதிரி அடைத்துக்கொள்கிறது, சில குருவைக் கீறிப் பார்த்தால் உள்ளே மயிர் சுருண்டு கிடக்கும் (பார்க்கச் சொல்லவில்லை, கீறினால் தழும்புதான் மிஞ்சும்). பரம்பரையாக வருவது, உங்கள் கையையோ கணவரின் கையையோ ஒருமுறை தடவிப் பாருங்கள். இந்த வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேருக்காவது கொஞ்சமாவது இருக்கும், பலருக்கு வயது போகப் போகக் குறைந்துவிடும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் இது பனிக்காலத்தில் கூடும் என்று எழுதியிருப்பார்கள். அங்கே குளிர்காலத்தில்தான் தோல் வறளும், நமக்கோ சோளகம் அடிக்கிற மாதங்களில். அதோடு வன்னிக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அப்படிப்பட்ட தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் இன்னும் போடுவோம், தோலில் இருக்கிற கொஞ்ச எண்ணெய்ப்பசையும் போய்விடும்.

அதனால் குளிப்பைச் சுருக்குங்கள், சவர்க்காரம் மென்மையானதாக, கக்கத்துக்கும் மற்ற அவசியமான இடத்துக்கும் மட்டும் போதும். துவாயால் ஒற்றிவிட்டு, ஈரம் காய முதல் கிறீம் பூச வேண்டும். சிவப்பு அடங்கும்வரை ஒரு வாரம் வெறும் வசலின் போதும். அப்புறம் பாமசியில் 10 சதவீத யூரியா கிறீம் கேட்டு வாங்கி இரவில் ஒருமுறை பூசுங்கள், ஒத்துக்கொண்டால் காலையிலும் பூசலாம். யூரியா என்றதும் வயலுக்கு எறிகிற யூரியாவைக் கரைத்துப் பூசிவிடாதீர்கள், வன்னியில் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்! பொருள் ஒன்றுதான், ஆனால் பசளை தோலுக்குச் செய்ததல்ல. யூரியா கிறீம் கிடைக்காவிட்டால் லக்டிக் அமிலம் கலந்த லோஷன் வாங்கலாம். இரண்டுமே கீறல் உள்ள இடத்தில் பட்டால் எரியும்.

ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது. 2 மாதம், 3 மாதம் பொறுக்க வேண்டும், மினுமினுப்பாக வந்ததும் நிறுத்தினால் திரும்பவும் வரும், ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தொடருங்கள். கடையில் எடுக்கும் ஸ்டீரொயிட் கிறீமும் வெள்ளையாக்கும் கிறீமும் வேண்டவே வேண்டாம், அவை தோலை மெலிய வைத்துவிடலாம். ட்ரெட்டினோயின் போன்ற மருந்துகளை வைத்தியர் பார்த்து எழுதித்தான் தர வேண்டும், கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது.

முழங்கை, முழங்காலில் முள்ளுமுள்ளாகத் தடித்து, பிள்ளைக்கு மாலையில் கண் மங்குகிறதென்றால் அது வேறு கதை, விற்றமின் ஏ குறைவாக இருக்கலாம். குருவில் சீழ் வைத்தாலும், உணர்ச்சி குறைந்த வெளிறிய திட்டு எங்காவது இருந்தாலும் கிறீமைப் பூசிக்கொண்டு இருக்காமல் மாவட்ட வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். மற்றபடி அவசரம் ஒன்றும் இல்லை, மாமியாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.