பெயருக்கு முன் ஏன் ‘திரு’ போடுகிறோம்?

‘திரு’ என்றால் செல்வம், அழகு, மேன்மை. திருக்குறள், திருநெல்வேலி, திருமகள் எல்லாவற்றிலும் இருப்பது இதே சொல்தான். வயதில் மூத்தவரை வெறும் பெயரால் கூப்பிட நாக்கு கூசும். ‘அண்ணே’, ‘அக்கா’ என்று சேர்த்துக்கொள்வோம். எழுத்தில் அந்த வேலையைத் ‘திரு’ பார்க்கிறது.

முன்பு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்று எழுதுவதே பெருவழக்கு. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் தமிழ்நாட்டு அரசு வழக்கில் அவை திரு, திருமதி, செல்வி ஆயின. கல்யாணப் பத்திரிகை இன்னும் ஒரு படி மேலே: மூத்த பிள்ளைக்குத் ‘திருவளர்ச்செல்வன்’, கடைசிப் பிள்ளைக்குத் ‘திருநிறைச்செல்வன்’ என்று போடும் வீடுகள் உண்டு. (அச்சகத்தில் இதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும்.)

‘திருமதி’யில் உள்ள மதிக்கு அறிவு என்றோ நிலா என்றோ பலர் பொருள் சொல்வார்கள், உண்மையில் அது ‘ஸ்ரீமதி’யின் வடமொழிப் பெண்பால் விகுதி, அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.