மியூசியம் வேலைக்கு என்ன படிக்க வேண்டும்: டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் பகுதி அம்மா ஒருவருக்கு எழுதிய பதில்

அக்கா,

மியூசியம் வேலைக்குப் போக ஆசைப்படுகிற மகளுக்கு என்ன படிப்பு என்று கேட்க, போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். முக்கால் மணி நேரமும் நீங்கள்தான் பேசினீர்கள், அவள் வாயே திறக்கவில்லை. மாமா வீட்டுப் பெண் அக்கவுண்டன்ட், சித்தி மகன் பார்மசிஸ்ட், "இவ மட்டும் பழைய சாமானைத் துடைக்கிற வேலைக்குப் போறேங்கிறா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அவள் சிரிக்கவில்லை.

உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவில் மியூசியங்களில் பெரும்பாலானவை தேசிய அரசோ மாகாணமோ நகராட்சியோ நடத்துபவை. யாராவது ஓய்வு பெற்றால்தான் இடம் காலியாகும், காலியான இடத்தையும் உடனே நிரப்ப மாட்டார்கள். பட்டம் வாங்கிய மறு மாதமே சம்பளம் என்கிற கணக்கு இங்கே செல்லாது.

மீதிப் பாதி பயம், அந்த வேலை என்னவென்று தெரியாததால் வந்தது. ஒரு மியூசியத்துக்குள் பத்துத் தொழில் இருக்கிறது. பொருளை ஆராய்ந்து எதைச் சேர்ப்பது, எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கிற காப்பாட்சியர் ஒருவர். எந்தப் பொருள் யாரிடமிருந்து எப்போது வந்தது, இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கணக்கு வைக்கிற பதிவாளர் இன்னொருவர். பொருள் கெடாமல் பார்ப்பவர், கண்காட்சியை வடிவமைப்பவர், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் எல்லாரும் தனித்தனி. நீங்கள் சொன்ன அந்த அக்கவுண்டன்ட் பெண்ணுக்குக்கூட அங்கே ஒரு நாற்காலி உண்டு.

அதனால் "மியூசியம் படிக்கிறேன்" என்று அவள் சொல்வதை நான் கொஞ்சம் திருப்பிப் போடுவேன். முதல் பட்டத்திலேயே மியூசியத்தைத் தேட வேண்டாம். எந்தப் பொருளோடு காலம் தள்ளப் பிடிக்கும் என்பதை முதலில் பார்க்கட்டும். பழைய கடிதமும் போட்டோவும் என்றால் வரலாறு, மானிடவியல். எலும்பும் பூச்சியும் என்றால் விலங்கியல். டர்பன் சிட்டி ஹாலுக்குள் இருக்கிற இயற்கை அறிவியல் மியூசியத்தில் வரலாறு படித்தவரை விட விலங்கியல் படித்தவருக்குத்தான் வேலை அதிகம்.

மியூசியப் படிப்பு அதற்கு மேல் வருகிற மாடி. வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் மியூசியம், பாரம்பரியம் பற்றிய பட்டமேற்படிப்பு டிப்ளமா இருக்கிறது. ராபன் தீவு மியூசியத்தோடு சேர்ந்து வளர்த்த படிப்பு அது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் பொருள் பாதுகாப்புக்கென்றே ஒரு முதுகலை இருக்கிறது. பணத்தை இப்போதே யோசியுங்கள். என்எஸ்எஃப்ஏஎஸ் என்கிற அரசு மாணவர் நிதி உதவி, வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால், முதல் பட்டத்துக்குத்தான். மேலே படிக்க அதை நம்பி உட்காரக் கூடாது.

அவள் பள்ளியில் பிசிக்கல் சயின்ஸ், அதாவது இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த பாடம், எடுத்திருக்கிறாள், அதை விட்டுவிட நினைக்கிறாள் என்றீர்கள். தயவுசெய்து விடச் சொல்லாதீர்கள். இந்தத் துறையில் ஆள் கிடைக்காத இடம் பொருளைக் கெடாமல் பாதுகாக்கிற வேலைதான், அதற்கு வேதியியல் வேண்டும். சென்னை எழும்பூர் மியூசியத்தில் 1930லேயே இதற்கென ஒரு வேதியியல் கூடம் வைத்து, பரமசிவன் என்கிற வேதியியலாளரை அமர்த்தினார்கள். பூமிக்கடியில் கிடந்து பச்சை பூத்த வெண்கலச் சிலையைப் பளபளவென்று தேய்த்துவிட்டால் அது நாசம். எந்தப் பச்சை சிலையைக் காக்கிறது, எந்தப் பச்சை அரிக்கிறது என்று தெரிய வேண்டும். "சாமானைத் துடைக்கிற வேலை" அவ்வளவு லேசில்லை, அக்கா.

டர்பனில் இது இன்னும் கஷ்டம். நம் ஊர்ப் புழுக்கத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி தின்னும். பழைய துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் காட்டாதே என்பார்கள். நல்ல அறை விளக்கே அதைத் தாண்டிவிடும். பூச்சி விழுந்த சேலையை மருந்தடிக்காமல், பையில் சுற்றி மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே ஒரு வாரத்துக்குக் குறையாமல் உறைய வைத்துப் பூச்சியைக் கொல்வார்கள். டிவியில் காட்டுகிற வெள்ளைக் கையுறைகூடப் பாதி வேஷம். காகிதத்தைக் கழுவித் துடைத்த வெறுங்கையால் தொடுவதுதான் நல்லது, பஞ்சுக் கையுறையில் ஓரம் மாட்டிக் கிழியும். போட்டோவுக்கும் உலோகத்துக்கும்தான் கையுறை. எங்கள் ஆயாவின் கல்யாணப் போட்டோ கிழிந்தபோது நானே செல்லோடேப் ஒட்டினேன். இன்றைக்கு அந்த டேப் உதிர்ந்துவிட்டது, பழுப்புக் கறை மட்டும் தாத்தாவின் முகத்தின் மேல் நிற்கிறது.

இன்னொன்று. 1860 நவம்பர் 16ஆம் தேதி ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் மெட்ராசிலிருந்து டர்பன் வந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் நம் இந்தியர்கள் அப்படி இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், அப்பா பெயர், ஜில்லா, கிராமம் என்று பதிவேடு இருக்கிறது. ஆங்கிலேய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரைப் பார்த்து எது ஆற்காடு, எது சேலம் என்று பிரிக்கத் தமிழ் தெரிந்த கண் வேண்டும். கோயில் கல்வெட்டும் பழைய கடிதமும் அப்படித்தான். நீங்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியது வீண் என்று நினைத்தீர்களே, இங்கேதான் அது உதவப் போகிறது. கூடவே ஜூலு மொழியும் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளட்டும். இந்த மாகாணத்து மியூசியத்தில் வருகிறவரோடு பேச அது இல்லாமல் முடியாது.

சரி, இப்போதே என்ன செய்யலாம்? டிசம்பர் லீவில் டர்பனில் இருக்கிற 1860 ஹெரிட்டேஜ் சென்டருக்கும் குவாமுஹ்லே மியூசியத்துக்கும் நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள். குவாமுஹ்லே ஒரு காலத்தில் கறுப்பர்களின் பாஸ், பெர்மிட்டுகளை நிர்வகித்த அலுவலகம். அதே கட்டடம் இன்றைக்கு அந்தக் கதையைச் சொல்கிறது. கேப் டவுன் பக்கம் போனால் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியம். 1994ல் ஒரு பழைய சர்ச்சுக்குள் திறந்தார்கள். தரை முழுக்க அந்த வட்டாரத்தின் வரைபடம், வீட்டைப் பறிகொடுத்தவர்கள் தாங்கள் இருந்த தெருவில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

டர்பன் மியூசியங்களில் லீவு நாளில் சம்பளமில்லாமல் உதவ ஆள் சேர்ப்பார்களா என்று அவளே கேட்கட்டும், நீங்கள் கேட்காதீர்கள். பட்டத்தோடு வருகிறவர்கள் பலர் இருப்பார்கள். ஒரு பொருளைக் கையில் வாங்கிப் பதிவேட்டில் சரியாக ஏற்றத் தெரிந்தவரைத்தான் எந்த மேலாளரும் தேடுவார்.

அந்தப் பழக்கத்துக்கு வீட்டிலேயே ஒரு சின்ன வேலை தருகிறேன். பிரேயர் அறையில் உங்கள் பாட்டி வைத்திருந்த பித்தளை விளக்கு இருக்கிறதே, அதற்கு அவள் ஒரு நம்பர் கொடுக்கட்டும். உயரம், எடை, எங்கே ஒடுங்கியிருக்கிறது, யார் வாங்கியது, யார் கை மாறி வந்தது எல்லாம் ஒரு பக்கத்தில் பென்சிலால் எழுதட்டும். கதையை உங்களிடமும் கேட்க வேண்டும், உங்கள் பெரியம்மாவிடமும் கேட்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தை அப்படியே குறிக்க வேண்டும். அப்புறம் அந்தத் தாளையும் இந்த வருஷ மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு ஜனவரியில் வாருங்கள். அன்றைக்கு அவள் பேசட்டும், நீங்கள் வெளியே உட்கார்ந்து டீ குடியுங்கள்.