சைவக்காரர் வீட்டில் பழைய பட்டும் தோலும்: கேள்வி பதில்

திருநகர்: ஐயா, நாங்க சுத்த சைவம். நாத்தனார் தன்னோட பழைய காஞ்சிப் பட்டைக் கொடுத்தாங்க. காசு கொடுத்து வாங்கலையே, கட்டலாமா?

பதில்: அந்தப் புடவையைக் கொடுத்த கையோடு நாத்தனார் புதிது எடுப்பாரா என்று பாருங்கள் அம்மா. என் அளவுகோல் அது ஒன்றுதான். புலால் மறுத்தலில் வரும் 256ஆம் குறளும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது: வாங்கித் தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை. சும்மா வந்த பழைய புடவையால் சந்தைக்கு ஒரு பைசா போவதில்லை. ஆனால் பீரோவில் இடம் காலி என்று அவர் அடுத்த வாரமே விளக்குத்தூண் ஜவுளிக்கடைப் பக்கம் போனால், நீங்கள் வாங்கிக்கொண்டது அதற்கு வழிவிட்டதாகிவிடும்.

புதிது என்றால் என்ன ஆகிறது என்பதும் தெரியவேண்டும். பட்டுப்புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வந்தால், ஏறக்குறைய 1,000 மீட்டர் நீளமுள்ள ஒரே இழை துண்டு துண்டாகிவிடும். அதனால் உயிரோடிருக்கும் கூட்டுப்புழுவை ஆவியிலோ சூடான காற்றிலோ முன்கூட்டியே கொல்கிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு 6 முதல் 7 கிலோ கூடு. ஒரு கூட்டின் எடை 2 கிராமுக்குள். 3,000 உயிருக்குக் குறையாது.

செல்லூர்: "பழைய பட்டுப்புடவை எடுக்கிறோம்"னு தெருவுல வர்றவங்ககிட்ட போடலாமா?

பதில்: அவர்கள் ஜரிகைக்காக எடுக்கிறார்கள், புடவையை எரித்து வெள்ளியைப் பிரிப்பார்கள். கிழிந்துபோனது என்றால் போடுங்கள். கட்டக்கூடியதை எரியவிடாதீர்கள், இன்னொருவர் கட்டினால் ஒரு புதுப்புடவை மிச்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடக்கும் பட்டு அந்தக் கோட்டிலேயே வெட்டுவிடும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் படவே கூடாது.

வில்லாபுரம்: கடையில "இது ஆர்ட் சில்க்கு, புழுவே கிடையாது"னு சத்தியம் பண்றாங்க. எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பதில்: வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். முந்தி ஓரத்தில் பாவிலிருந்து (நீளவாக்கு நூல்) ஒரு இழை, ஊடையிலிருந்து (குறுக்குவாக்கு நூல்) ஒரு இழை, தனித்தனியாக உருவுங்கள். பாவு ஒன்றாகவும் ஊடை வேறாகவும் நெய்வதுண்டு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. இடுக்கியில் பிடித்து, கீழே பீங்கான் தட்டு வைத்து, நுனியில் தீ வையுங்கள். முடி கருகும் வாடை வந்து, கரி விரலில் நசுங்கிப் பொடியானால் பட்டு. உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர். காகிதம் எரியும் வாடையும் மெல்லிய சாம்பலும் என்றால் ரேயான் அல்லது பருத்தி.

ஜரிகையை மறந்துவிடாதீர்கள். அசல் ஜரிகையின் நடுவில் ஓடுவது பட்டு நூல். அதன்மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசுவார்கள். துணி முழுக்கப் பருத்தியாகவே இருந்தாலும், கரையில் அசல் ஜரிகை என்றால் அங்கே பட்டு இருக்கிறது. பருத்திச் சுங்குடிச் சேலை எடுக்கும்போதும் கரையைப் பாருங்கள்.

மேலூர்: மாமியார் கொடுத்த பழைய பட்டு. நான் வாங்கல. கட்டலாமா?

பதில்: திருநகர் அம்மாவுக்குச் சொன்னதேதான்.

அனுப்பானடி: ஐயா, உங்க கணக்குல ஓட்டை இருக்கு. கல்யாண வீட்டுல பாக்குறவங்களுக்கு அது பழசுன்னு தெரியுமா? சைவக்காரங்களே பட்டு கட்டுறாங்கன்னுதானே அவங்களும் எடுப்பாங்க?

பதில்: நியாயமான எதிர்வாதம். ஒருவர் கட்டியதைப் பார்த்து இன்னொருவர் எடுப்பது நம் ஊர் வழக்கம்தான். அதனால் விசேஷத்தில் கட்டுகிறவர், "எங்க எடுத்தீங்க?" என்று கேட்பவரிடம் "பழசு, புதுசா எடுக்கிறதில்லை" என்று காரணத்தோடு சொல்லவேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்குள் கட்டட்டும்.

அனுப்பானடி: கேக்காம மனசுக்குள்ள நினைச்சுக்கிறவங்ககிட்ட என்ன சொல்றது? காஞ்சிப் பெரியவரே பட்டை விடச் சொன்னாரே. முழுசா விட்டுற வேண்டியதுதானே?

பதில்: சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் சொன்னது உண்மை. மடிக்கு (ஆசாரச் சுத்தத்துக்கு)ப் பட்டுதான் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் அது பதில். துவைத்து உலர்த்திய பருத்தியே மடிக்குப் போதும். கேட்காமல் நினைப்பவர் விஷயத்தில் என்னிடம் முழுப் பதில் இல்லை, அந்த அளவுக்கு உங்கள் பக்கம்தான் பலம். ஆனாலும் இருக்கிற புடவையைப் பெட்டியில் மக்கவிட்டால் செத்த புழு எதுவும் பிழைக்காது. விசேஷத்துக்குப் பருத்தி, வீட்டுப் பூஜைக்கு அந்தப் பழைய பட்டு என்று வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

பழங்காநத்தம்: அடுத்த மாசம் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுல பட்டுதான் எடுப்பாங்க. வந்தா மறுக்கவா?

பதில்: வந்தபின் மறுத்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும், புழு செத்தது செத்ததுதான். ஜவுளி எடுக்கப் போகும் நாளுக்கு முன்பே, பெரியவர் ஒருவர் மூலம், எது வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "பட்டு வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் வேறு பட்டு வரும்.

உசிலம்பட்டி: தாத்தா வச்சிருந்த மான் தோலும் புலி நகச் சங்கிலியும் இருக்கு. பழசுதானே?

பதில்: இதில் பழசு, அன்பளிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். திபெத்திய மானின் ரோமத்தில் நெய்யும் ஷாதூஷ் சால்வைக்கும் இதேதான். சங்கிலி குழந்தை கழுத்தில் கிடந்தால் முதலில் கழற்றுங்கள். யாருக்கும் கொடுக்காமல், ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு வனத்துறையிடம் போங்கள்.

தல்லாகுளம்: செகண்ட் ஹேண்ட் தோல் ஜாக்கெட். கறிக்கு வெட்டுறதுல மிஞ்சுற தோல்தானே?

பதில்: தோல் மிஞ்சுவதில்லை தம்பி, விலைக்குப் போகிறது. திண்டுக்கல் தோல் ஷாப்புகள் (தோல் பதனிடும் ஆலைகள்) சும்மாவா வாங்குகின்றன? அந்தப் பணமும் மாட்டின் விலையில் சேரும். பழையதுக்கு முதல் பதிலே பொருந்தும். விற்றவர் அந்தக் காசில் புதுத் தோல் வாங்குகிறாரா என்று கேளுங்கள்.

சிம்மக்கல்: பழைய பட்டு வேட்டி, பரிசா வந்தது...

பதில்: முதல் பதில். வேட்டிக்கும் புடவைக்கும் இதில் வித்தியாசமில்லை.

கே.கே. நகர்: எரிங்கிற அசாம் பட்டுல புழுவைக் கொல்றதில்லையாமே?

பதில்: எரி கூட்டின் ஒரு முனை திறந்திருக்கும், பூச்சி போனபின் பஞ்சுபோல நூற்கலாம். ஆனால் அசாமில் அந்தப் புழுவை உணவாக உண்பதும் உண்டு. பூச்சி வெளியேறிய கூடுதானா என்று நெய்தவரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள்.

திருமங்கலம்: ஷூ தோலா ரெக்சினான்னு எப்படிப் பாக்குறது?

பதில்: பல ஷூக்களில் சிறிய படக்குறி இருக்கும். விரித்த தோல் வடிவம் என்றால் தோல், சாய்சதுரம் மட்டும் என்றால் ரெக்சின் போன்ற வேறு பொருள், பின்னல் வலை என்றால் துணி. மேல்பாகம், உட்பக்கம், அடி மூன்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு. மேலே ரெக்சினும் உள்ளே தோலும் வைத்துத் தைப்பதால் மூன்றையும் பாருங்கள்.